ஆராய்ச்சி மாத்திரைப் போர்

மே 6, செவ்வாய்

வெயில். துறைமுகச் சாலையில் தார் உருகி, லாரிகள் சாலையையே பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு போகின்றன.

காலையில் ஆஸ்பத்திரி. நானும் மச்சான் முத்துராசுவும். போன வருஷம் ஒருவர் பின் ஒருவராக மாரடைப்பு கண்டு, ஸ்டென்ட் வைத்து, எமனைப் பிடரியில் தட்டி அனுப்பிய மகாவீரர்கள். அவன் தங்கச்சி தங்கபுஷ்பம் என் மனைவி. என் தங்கச்சி செல்வக்கனி அவன் மனைவி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. அவன் நெஞ்சு நின்றால் தாலி போவது என் தங்கச்சிக்கு. என்னுடையது நின்றால் அவன் தங்கச்சிக்கு.

டாக்டரம்மா புது மாத்திரை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். ஆளுக்கொரு டப்பா. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம். "பழைய மாத்திரைய ஒரு நாளும் நிறுத்தக் கூடாது" என்று அழுத்தி அழுத்திச் சொன்னார்.

படியிறங்கும்போதே மச்சான்: "வே, ஒமக்கு மாவுதான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

வேலைகள்: என் கடைக்கு நைலான் கயிறு. சாளை மீன். மச்சானை அழிப்பது.

மே 14, புதன்

உப்புக்காற்று. கடையில் கயிறும் தூண்டிலும் தூங்குகின்றன. உடன்குடியிலிருந்து கருப்பட்டி லோடு இறக்கிவிட்டு மச்சான் வந்தான். நான் மீசைக்கு மை அடித்துத் தயாராக இருந்தேன்.

"மாத்திர வேல செய்யுது வே. மீச தானா கறுத்துட்டு. நேத்து நங்கூரச் சங்கிலிய ஒத்தக் கையில தூக்குனேன். நடுவுல கொட்டாவி வேற."

"நெசமாவா?"

"பழைய மாத்திரயெல்லாம் கடல்ல போட்டுட்டேன். அதத் தின்ன சாளை மீனு இப்ப திமிங்கலத்த வெரட்டுது."

மச்சான் முகம் கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகியது. இந்திரனுக்கும் கிட்டாத இன்பம்.

பழைய மாத்திரையை நான் ஒழுங்காகப் போட்டுக்கொள்வது இங்கே மட்டும் பதிவாகிறது.

மே 17, சனி

யுத்தம்.

மச்சான் கையில் கருப்பட்டி வட்டோடு கடைக்குள் பாய்ந்து என் டப்பாவைப் பிடுங்கினான். "மாத்தும் வே! எனக்கு வந்தது மாவு. நான் செத்தா ஒம்ம தங்கச்சிதான வே தாலி அறுப்பா?"

நியாயமான கேள்வி. பதிலுக்கு மூக்கில் குத்தினேன். கருப்பட்டி பறந்து வந்தது. என் முன்பல் போயிற்று. கப்பல் கயிற்றால் முதுகில் விளாசினேன். தூண்டில் பெட்டியைத் தலையில் கவிழ்த்தான். காதில் ஒரு முள் தொங்க, கம்மல் போட்ட ராஜாவாக நின்று அவன் விலாவில் மிதித்தேன். ரத்தம் ஓடி மணப்பாடு வரை கடல் சிவந்தது.

டீக்கடை அண்ணாச்சி பெஞ்சில் ஏறி நின்று: "ஏலே, மண்டையில அடிக்காதீங்க, அங்கன ஒண்ணும் இல்ல. நெஞ்சுல அடிங்க, அங்கனதான் ஆராய்ச்சி நடக்கு!"

டப்பா என்னிடம். பல் எங்கே என்று தெரியவில்லை.

மே 18, ஞாயிறு

மச்சான் வீட்டுக்கே வந்தான். கையில் ரம்பம் மாதிரி கருக்கு சீவாத பனைமட்டை. பின்னால் செல்வக்கனி, அழுதுகொண்டு. நான் குக்கர் மூடியைக் கேடயமாகப் பிடித்தேன். மட்டை என் கையைக் கிழித்தது. மூடி அவன் நெற்றியைப் பிளந்தது. குரல்வளையைப் பிடித்துச் சுவரில் அழுத்தினேன்.

தங்கபுஷ்பம் அகப்பையால் இருவர் மண்டையிலும் போட்டாள். "நாசமாப் போங்க! மொத நாளே ரெண்டு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்கி, பாதி பாதியாப் போட்டாச்சு!"

செல்வக்கனி: "அண்ணனுக்கு மருந்து, புருசனுக்கு மாவுன்னா நாங்க எப்பிடிண்ணே தூங்குவோம்?"

மச்சான் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நின்றது. நெஞ்சைப் பிடித்தான். நடிப்பு என்று இன்னொரு தள்ளு தள்ளினேன். விழுந்தவன் எழவில்லை. சட்டையெல்லாம் வேர்வை. உதடு நீலம்.

ஆட்டோ. அவன் தலை என் மடியில். கனமாக இருந்தது.

மே 20, செவ்வாய்

காற்றே இல்லை. அடைப்பை எடுத்துவிட்டார்கள். பிழைப்பானா என்று டாக்டரம்மாவைக் கேட்டால், "பாக்கலாம்."

மாத்திரையைக் கலந்ததற்காக எங்கள் இருவரையும் ஆராய்ச்சியிலிருந்து துரத்தினார் டாக்டரம்மா. பிறகு கேட்டார், "பழைய மாத்திரை சாப்பிட்டாரா?"

செல்வக்கனி: "விட்டுட்டாங்க. அண்ணன் கடல்ல போட்டுட்டேன்னு சொல்லுச்சாம். அதான் இவுகளும்..."

"அத நிறுத்துனா ஸ்டென்ட்ல ரத்தம் உறையும்மா. அதான் நடந்திருக்கு."

செல்வக்கனி என்னைப் பார்த்தாள். அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். மச்சான் கண் திறந்திருந்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வே, மீச நெசமாவே தானா கறுத்துச்சா?"

"மை."

"சங்கிலி?"

"தூக்கல."

"பழைய மாத்திர?"

"ஒரு நாளும் விடல வே."

ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையாலேயே அறைந்தான். குழாயில் ரத்தம் திரும்பியது. நர்ஸ் அலறி என்னை வெளியே தள்ளினாள்.

கன்னம் வீங்கிவிட்டது. இன்னொரு பல் ஆடுகிறது. நல்ல பலமான அடி.