இரண்டு வீட்டுக்கும் ஒரே உத்திரம்

அன்பு மகன் அய்யாதுரைக்கு அம்மா எழுதுவது. அன்றைக்குச் சைதாப்பேட்டை பழைய மரக்கடையில் நின்றது நான், உன் சித்தி இசக்கியம்மாள், உன் தம்பி முத்துகிருஷ்ணன், கார் ஓட்டி வந்த அவன் மகள் தாரணி, கடைக்காரர் குலாம் முகம்மது. எல்லோரும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்தக் குளிர்தேசத்தில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே தி.நகரில் ஆடிக் கூட்டம், தம்பி பாத்திரக்கடையை விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட மாடி ஏறி வருவதில்லை, நீ சொன்னால் கேட்பான், சொல்லு.

உன் சித்தி இப்போது என் அறையில்தான் படுக்கிறாள். ஊரில் நம் பூர்வீக வீட்டில் அவள் பக்கத்துக் கூரை மொத்தமும் இறங்கிவிட்டது, ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போயிருந்ததால் உயிர் தப்பினாள். உன் கல்யாணத்திலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை. என் சீர்ப்பானைகளை மச்சில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவி தொலைந்துபோச்சு என்றாளே, அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் போக்கிடம் இல்லாதவளை என்ன செய்ய, தம்பி போய்க் கூட்டிவந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, என்னக் கொல்லணும்னா ஒரு வாய் வெசத்தக் கொடுத்திருக்கலாமே அக்கா, கூரைய எதுக்கு இறக்குனிய என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த வீட்டில் நம் பாதியைப் பிரித்து மரத்தை நீ விற்றதே அப்புறம்தான் எனக்குத் தெரியும்.

அந்த வீடு உனக்குத் தெரியாததா. பூட்டன் கட்டும்போது தோட்டத்தில் நெல் போட்டுவைக்க மூன்றே அறை, கருங்கல் கடைக்கால், கை விரித்தாலும் அடங்காத கனத்தில் மண்சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. பிறகு உன் அப்பாவும் சித்தப்பாவும் களத்துமேட்டில் ஒருத்தர் மேல் ஒருத்தர் அரிவாளைத் தூக்கினார்கள். உன் தாத்தா நடுவில் சுவர் வைத்து இரண்டு வீடாக்கினார். ஆனால் சுவரைக் கூரைவரை ஏற்றவில்லை, செங்கோட்டையிலிருந்து இரண்டு வண்டியைச் சேர்த்துக் கட்டி ஒற்றைத் தேக்கு கொண்டுவந்து, ஒட்டுப்போடாமல் இரண்டு வீட்டுக்கும் ஒரே உத்திரமாகப் போட்டார். இரண்டு பக்கத்துப் பனங்கைச் சட்டமும் கூரை ஓடும் உட்கார்ந்தது அதன் மேல்தான். ஒருத்தன் பிடுங்கினா ரெண்டு பேர் தலையிலயும் விழும்ல, அப்பப் பிடுங்க மாட்டானுவ என்றாராம். உன்னை அப்பா தோளில் ஏற்றி அந்த உத்திரத்தைத் தொடவைத்துச் சொன்ன கதைதான் இது, சித்திக்கும் மனப்பாடம். வேட்டி இரண்டும் வேறு வேறு கொடியில் காய்ந்தாலும் சண்டை அதோடு நின்றது.

உத்திரம் முழுசாக இருந்தால் திருப்பி வாங்கி அவள் கூரையை மறுபடி ஏற்றிக் கொடுத்துவிடலாம் என்றுதான் சைதாப்பேட்டைக்குப் போனோம். குலாம் முகம்மது தார்ப்பாயை விலக்கினார். மூன்று துண்டாகக் கிடந்தது. லாரில ஏறல, அறுத்துட்டோம்மா என்றார். பக்கத்து வூட்டு கூரையும் சேந்து வந்துருமேன்னு வெளிநாட்ல இருக்குற உங்க பெரிய புள்ளயாண்ட போன்ல கேட்டேன், எங்கம்மாவே எடுக்கச் சொல்லிட்டாங்க, அவங்களுக்கும் சித்திக்கும் ஆவாதுன்னாரு, பெரியவங்க சொல்லிக்கீறாங்களேன்னுதான் கை வெச்சேன், ஊர்லயும் அப்டியேதான் சொன்னேன் என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். சித்தி என்னையே பார்த்தாள், நீங்க சொல்லலியாக்கா என்றாள். இல்லை என்றேன். நம்பினாளா தெரியவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. திரும்பும் வழியில் தாரணி ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தாள், குடித்தேன், ருசி தெரியவில்லை. வீட்டுக்கு வந்து துவரம்பருப்பு வெயிலில் போட்டேன். அதிலிருந்து அப்படியேதான் இருக்கிறேன்.

சித்தி இனி இங்கேதான். பிரஷர் மாத்திரையை விடாதே, ராத்திரி வண்டி ஓட்டாதே. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் இரண்டு வார்த்தையாவது சொல்லிக்கொடு. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைஞ்ச ஆயுசோடு இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்கிறேன், இனியும் சொல்வேன், அது வேறு. மரத்தை விற்றது போகட்டும். நான் சொல்லாததை நான் சொன்னதாகச் சொன்னது போகாது. கேட்டுவிட்டுச் செய்த கடைக்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, தம்பி மேலும் இல்லை. நான் மன்னிக்காதது ஒரே ஆளைத்தான்.

இப்படிக்கு உன் அம்மா,
சொர்ணம்மாள்.

பெயரைச் சொல்லாமல் விட்டால் வேறு யாரையோ என்று நினைத்துக்கொள்வாய். அய்யாதுரையை.