மூன்று லோக்கல், ஒரு ஃபாரின்

ஆகஸ்ட் 2, சனி

இன்று நான் எழுந்து நின்றபோது ஒரு நாற்காலியும் என்னோடு எழுந்து நின்றது.

எங்கள் கெலுகோர் சமூக மண்டபத்தில் பெரியவர்களுக்கு இலவச ஆங்கில வகுப்பு. மற்ற நாட்களில் அங்கே பாலர் பள்ளி நடக்கிறது. பெரிய நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாரும் அதைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான்தான் முதல் ஆளாகப் போன அவசரக்குடுக்கை, கண்ணில் பட்ட குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆசிரியர் பெயர் கேட்டதும் மரியாதையாக எழுந்து, "மை நேம் இஸ் சிவநேசன்" என்றேன். நாற்காலி இறங்க மறுத்துவிட்டது.

பக்கத்தில் ஆசியா பீவி, பசாரில் பலகாரம் விற்பவர். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டே, "அண்ணே, மூச்ச உள்ள இழுங்க லா!" என்றார். இழுத்தேன். டப் என்று வந்தது.

ஆசிரியர் ஷஃபீக் பல்கலைக்கழக மாணவன். சிரிப்பை அடக்கி அடக்கி அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "தினமும் டைரி எழுதுங்க அங்கிள், இங்கிலீஷ் தானா வரும்" என்றான். வீட்டுக்கு வந்து எழுதினேன். "டுடே ஐ சிட் ஸ்மால் சேர்." அதற்கு மேல் வரவில்லை. ஆகவே தமிழ்.

ஐம்பத்தெட்டு வயதில் எதற்கு இந்தக் கூத்து? எல்லாம் பேத்திக்காகத்தான். சிங்கப்பூரில் பிறந்தவள், ஆறு வயது. அனிக்காவுக்குத் தமிழில் தெரிந்தது "தாத்தா", "போதும்". நான் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், மூன்றாம் படிவம் வரை படித்தவன். மலாய் சரளமாக வரும், சீனரின் ஹொக்கியெனில் மீன் பேரம் பேசுவேன், பேத்தியிடம் மட்டும் ஊமை.

ஆகஸ்ட் 9, சனி

பெரிய நாற்காலி கிடைத்தது.

ஷஃபீக் இன்று ஒரு கேள்வி கொடுத்தான். முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரே நாட்டுக்காரர்கள் என்று சேர்த்து வைப்பது எது? மதம் வேறு, மொழி வேறு, வீட்டுச் சாப்பாடு வேறு. அப்படியிருக்க எது?

யாரோ கொடி என்றார். ஆசியா பீவி, "ரோட்டுக் குழி. எல்லாரும் ஒரே குழியிலதானே விழுறோம்" என்றார். அதையும் ஷஃபீக் பலகையில் எழுதினான்.

மலேசியா தினத்துக்கு முந்திய சனிக்கிழமை மண்டபத்தில் கூட்டம். விரும்புகிறவர்கள் இதைப் பற்றி மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேசவேண்டுமாம், குடும்பத்தையும் அழைத்து வரலாமாம். ஏன் கை தூக்கினேனோ தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

என்ன பேசுவது என்று தெரிந்துவிட்டது. மகள் பிரமிளாவைப் பற்றித்தான்.

போன பொதுத் தேர்தலுக்கு முதல் நாள். சிங்கப்பூர் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறவள், இரவு வேலை முடித்து வந்து பார்த்தால் பஸ்ஸில் இடமில்லை. இணையத்தில் தேடி, முகம் தெரியாதவர்கள் காரில் ஏறிவிட்டாள். வடக்கே கெடாவுக்குப் போகிற ஐமான் என்ற மலாய்ப் பையன் ஓட்ட, பக்கத்தில் ஒரு சீனக் கல்லூரிப் பெண், பின்னால் இவள். வழியெல்லாம் நெரிசல். ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோற்றை மூன்று பேரும் பங்கு போட்டார்களாம். யாருக்கு ஓட்டு என்று ஒருவரையொருவர் கேட்கவே இல்லையாம்.

பொழுது விடியும்போது வாசலில் கார், சீனப் பெண் வழியிலேயே இறங்கியிருந்தாள். ஐமானை உள்ளே கூப்பிட்டுக் காப்பி போட்டாள் என் மனைவி குமுதா. காப்பி வருவதற்குள் அவன் எங்கள் சோபாவில் தூங்கிவிட்டான். எழுப்ப மனசு வரவில்லை. அதற்குள் நானும் பிரமிளாவும் போய் ஓட்டுப் போட்டு வந்தோம். மை பூசிய இரண்டு இடது ஆள்காட்டி விரல்கள் சேர்ந்த படம் இன்றைக்கும் என் வாட்ஸப் முகப்பில் இருக்கிறது.

ஷஃபீக்கின் கேள்விக்கு இதைவிட என்ன பதில்? மூன்று பேர், ஒரு பொட்டலம், ஒரு நாடு.

பிரமிளாவை ஒவ்வொரு முறை வழியனுப்பும்போதும் நான் சொல்வது ஒன்றுதான். விரலைத் தூக்கிக் காட்டி, "ஓட்டுக்கு வந்துடு." பத்திரமாகப் போ, வேளைக்குச் சாப்பிடு எல்லாம் குமுதாவின் இலாகா.

ஆகஸ்ட் 20, புதன்

ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து பேச்சை ஒத்திகை பார்த்தேன். பின்னால் நின்ற வங்காளதேசத் தம்பி கை தட்டினான். முதல் ரசிகன்.

ஆகஸ்ட் 30, சனி

பிரமிளாவுக்கு ஃபோனில் பேச்சைப் படித்துக் காட்டினேன். வழக்கமாக வரிக்கு வரி திருத்துவாள். இன்று ஒன்றும் சொல்லவில்லை.

"என்னம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்பா."

"எப்படி?"

"நல்லாருக்குப்பா. ஸ்கூல் லீவுக்கு அனிக்காவும் நானும் வர்றோம். நேர்ல பேசுவோம்."

அவ்வளவு மோசமாகவா எழுதியிருக்கிறேன்?

செப்டம்பர் 6, சனி

வந்துவிட்டார்கள். விமான நிலையத்தில் அனிக்காவிடம் "ஹவ் வாஸ் யுவர் ஃபிளைட், மை டியர்?" என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்து, "தாத்தா கேன் டாக்!" என்றாள். இத்தனை நாள் நான் பேசத் தெரியாத ஜீவன் என்று நினைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். கொடிமலைக்கு ரயிலில் கூட்டிப் போகவேண்டும். டிக்கெட்டை நான்தான் வாங்குவேன், ஆங்கிலத்தில்.

செப்டம்பர் 8, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கொடிமலை ரயிலுக்கு உள்நாட்டுக்காரர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு விலை. அடையாளக் கார்டைக் காட்ட வேண்டும். அனிக்காவை வரிசையில் நிற்கும்போதே, "நீதான் எங்க வீட்டு ஃபாரினர்" என்று கேலி செய்துகொண்டே போனேன். டிக்கெட் முகப்பில் ரோஹானா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண். ஷஃபீக் சொல்லிக் கொடுத்தபடி முதுகை நிமிர்த்தி, தெளிவாக, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்:

"குட் மார்னிங்! த்ரீ லோக்கல், ஒன் ஃபாரினர், ப்ளீஸ்."

பின்னாலிருந்து பிரமிளா என் சட்டையைப் பிடித்தாள். "அப்பா. ரெண்டு."

"என்ன ரெண்டு?"

"ரெண்டு லோக்கல், ரெண்டு ஃபாரின்."

"யாரும்மா இன்னொரு ஃபாரின்? உங்கம்மாவா?" என்று சிரித்தேன். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். குமுதா சிரிக்கவில்லை.

பிரமிளா பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தாள். சிவப்பு நிறம். நம்முடையதும் சிவப்புதானே? ஒரு நொடி ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அப்புறம்தான் முத்திரையைப் பார்த்தேன். நம்முடையதில் இரண்டு பக்கமும் புலி. இதில் ஒரு பக்கம் சிங்கம், சிங்கப்பூருடையது.

என் வாய் சும்மா இருந்ததா? இல்லை. ரோஹானாவிடம் போய், "நோ, நோ! மிஸ்டேக். மை டாட்டர். பார்ன் ஹியர்! ஜெனரல் ஹாஸ்பிட்டல்!" என்றேன். அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "பாக்சிக்..." என்று மெதுவாக ஆரம்பித்தாள், மாமா என்று கூப்பிடுவது மாதிரி. அந்த இரக்கம்தான் என்னைக் கொன்றது. யாரோ பெற்ற பிள்ளை, அதற்குப் புரிந்துவிட்டது, எனக்கு இன்னும் புரியவில்லை.

"ஜூன்லயே குடியுரிமை மாறிடுச்சுப்பா. சொல்லத்தான் வந்தேன். இங்க இப்படி ஆகும்னு நினைக்கல" என்றாள் பிரமிளா.

ரயிலில் ஏறினோம். ஜன்னல் பக்கம் கிடைத்தது. ஊரும் துறைமுகமும் பாலமும் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. அனிக்கா "தாத்தா, லுக், லுக்" என்றாள். பார்த்தேன். என்ன பார்த்தேன்?

ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை? நான் என்ன கத்தியா தூக்கியிருப்பேன்? அந்தப் பேச்சை ஃபோன்ல படிச்சுக் காட்டினேனே, என் மக ஓட்டுக்கு ஓடி வருவா, ஓடி வருவான்னு — கேட்டுக்கிட்டே இருந்தியே!

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

வேலையில் ஒரு சரக்குப் பலகையடுக்கைத் தவறான லாரியில் ஏற்றினேன். இருபது வருடத்தில் முதல் முறை.

செப்டம்பர் 10, புதன்

அடுத்த அதிர்ச்சி. குமுதாவுக்கு ஜூனிலேயே தெரியும்.

"உனக்குத் தெரியும். என்கிட்ட சொல்லல."

"உங்ககிட்ட சொன்னா பேச்சுல போட்டுடுவீங்க."

"நான் சிரிக்கிறதுக்குக் கேக்கல குமுதா."

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். "சரி, கேளுங்க. உங்கப்பா அய்யாக்கண்ணு துறைமுகத்துல மூட்டை தூக்கினாரு. சுதந்திரம் வந்ததும் வரிசையில நின்னு இந்த நாட்டுக் குடியுரிமைக் கார்டை வாங்கினாரு. அப்ப அவரு கப்பலேறி வந்த ஊர்ல அவரைப் பெத்தவரு உயிரோட இருந்தாரா இல்லையா? அவர்கிட்ட கேட்டுட்டா வாங்கினாரு?"

மூன்றாம் படிவத்தில் இதையெல்லாம் சொல்லித்தரவில்லை.

பிரமிளா மாடிப்படியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் மதிப்பெண் குறைந்தால் உட்காரும் அதே படி.

"அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை, நான் சிங்கப்பூர்ல இருக்கலாமான்னு அந்த அரசாங்கத்துகிட்ட கேக்கணும்பா. என் வீட்டுக்காரரு அந்த ஊர்க்காரரு, அவரு கேக்க வேணாம். அனிக்கா கேக்க வேணாம். நான் மட்டும். ஒரு தடவை பதில் வர லேட்டாச்சு. நான் மூணு வாரம் தூங்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிப்பா சொல்றது? ஃபோனைத் திறந்தாலே நம்ம ரெண்டு விரலும் நிக்குது."

அவள் மலேசியக் குடியுரிமையைச் சரண்டர் செய்த நாளில் நம் தூதரகத்திலிருந்து வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாளாம். அதைச் சொல்லும்போது அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்தினேன்.

"பேச்சை மாத்திடுறேன். உன்னை எடுத்துடுறேன்" என்றேன்.

"எடுக்காதீங்க. அது நடந்ததுதானே?" என்றாள். பிறகு பேனாவை வாங்கி, மற்ற இடங்களையெல்லாம் வரிக்கு வரி திருத்தினாள். அந்த ஓட்டுக் கதையை மட்டும் தொடவில்லை.

செப்டம்பர் 13, சனி

பேசிவிட்டேன்.

ஆசியா பீவி எனக்கு முன்னால் பேசினார். அதே ரோட்டுக் குழியை ஆங்கிலத்தில் சொன்னார், மண்டபம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு நான். முன்வரிசையில் குமுதா, பிரமிளா, நடுவில் அனிக்கா.

பேச்சில் ஐமான் வந்தான், சீனப் பெண் வந்தாள், நாசி லெமாக் வந்தது. "இன் த பேக் சீட்" என்று ஆரம்பித்தேன். எழுதியிருந்தது "மை டாட்டர்". வாயில் வந்தது "எ நர்ஸ்". ஏன் அப்படி வந்தது? அவளைக் காப்பாற்றவா? என்னையா? இன்னும் தெரியவில்லை.

ஐமான் சோபாவில் தூங்கின இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். முடிவில் ஷஃபீக் கேட்டான், "அங்கிள், அந்த நர்ஸ் மறுபடி வந்தாங்களா?"

எனக்கு ஆங்கிலம் போய்விட்டது. மலாயும் போய்விட்டது. அப்போது அனிக்கா எழுந்து நின்று, "தட்ஸ் மை மம்மி! ஷி இஸ் ஹியர்!" என்று கத்தினாள்.

மண்டபமே திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. பிரமிளா எழுந்து நிற்கவேண்டியதாகிவிட்டது. கையைத் தூக்கவா வேண்டாமா என்று பாதியில் நின்றது அவள் கை. என் பிள்ளையை இப்படி ஒரு இடத்தில் நிறுத்திவிட்டேனே என்று நான் மேடையில் உறைந்து நின்றேன்.

கடைசியில் தேசிய கீதம். எல்லாரும் எழுந்தோம். நான் நேராகப் பார்த்து நிற்க வேண்டும், பள்ளியில் அடித்துச் சொல்லித் தந்தது. ஆனாலும் ஓரக்கண்ணால் பார்த்தேன். பிரமிளா பாடினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரை, ஒரு சொல் விடாமல், குரல் வெளியே கேட்காமல். அனிக்கா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வரும்போது ஆசியா பீவி ஒரு பை நிறையப் பலகாரத்தைப் பிரமிளா கையில் திணித்தார். "அங்க இதெல்லாம் கிடைக்காது தாயி. கிடைச்சாலும் இந்த ருசி வராது லா."

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை விமானம்.

அனிக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "தாத்தா, யுவர் இங்கிலீஷ் இஸ் ஓகே" என்றாள். சான்றிதழ் கிடைத்துவிட்டது. குமுதா தன் இலாகாவைக் கவனித்தாள்: பத்திரம், வேளைக்குச் சாப்பாடு, ஏசி காற்று நேராகப் படாமல் உட்காரணும்.

என் முறை வந்தது. பிரமிளா என் முன்னால் வந்து நின்றாள், எப்போதும் நிற்பதுபோல. காத்திருந்தாள். இடது கை தன்போக்கில் மேலே போனது. ஆள்காட்டி விரல் நீண்டது. பாதி வழியில் எனக்கே தெரிந்து, அந்த விரலால் காதைச் சொறிந்துகொண்டேன்.

அவள் பார்த்துவிட்டாள். சிரித்தாள், சரியாகச் சிரிக்க வரவில்லை.

"இறங்கினதும் மெசேஜ் போடும்மா" என்றேன்.

"சரிப்பா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். சொல்ல வந்தது கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

ஓட்டு இல்லாட்டியும் வந்துடு.