முப்பத்தோராம் எண் படம்

அன்புள்ள அக்காவுக்கு, இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே, அத்தானுக்குக்கூட. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் இதே உறையில் தனியாக இருக்கிறது, யாராவது கேட்டால் அதைக் காட்டு. எல்லோரும் நலம் என்று அதில் எழுதியிருக்கிறேன். அப்பா நலம், அவருடைய இருமல்கூட நின்றுவிட்டது. அம்மா நலமில்லை, அதற்குக் காரணம் நான். நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

ஓவியர் அத்தை இறந்த பிறகு அருங்காட்சியகத்தில் அவருக்கென்று ஓர் ஆவண அறை ஒதுக்கினார்கள் இல்லையா, அத்தைக்கு இருந்த ஒரே சிநேகிதி நம் அம்மாதான் என்று அங்கிருந்து ஓர் அம்மாள் வந்து மூன்று நாள் நம் வீட்டில் இருந்தார். அத்தை அம்மாவுக்குத் தந்த படங்கள், எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றையும் முன்னறையில் அவர் போட்டோ எடுக்க, தையல் அறையில் நானும் அம்மாவும் பட்டியல் போட்டோம். அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டதால் நான் எடுத்து என்னவென்று சொல்வேன், அவள் அதன் கதையைச் சொல்வாள், நான் எழுதுவேன். என் கையெழுத்து மணி மணியாக இருக்கிறதாம், அந்த அம்மாள் மெச்சினார். அத்தையின் கடிதங்களைப் படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. நாற்பத்திரண்டு கடிதம், எல்லாவற்றிலும் நீ. பெரியவளுக்குப் பல் விழுந்ததா, பெரியவள் இன்னும் நாய்க்குட்டிக்குச் சட்டை தைக்கிறாளா, பெரியவளின் சிரிப்பு மட்டும் எனக்கு வரைய வரமாட்டேன் என்கிறது. என்னைப் பற்றி ஒரே ஓர் இடத்தில், இன்னொன்று அழுகையை நிறுத்தியதா என்று. இன்னொன்று எங்கே என்று செருப்பைத் தேடுவார்கள், பிள்ளையை அப்படிச் சொல்வார்களா?

முப்பத்தோராம் எண் ஒரு பென்சில் படம். தையல் மெஷினுக்கடியில் துணிக்குவியல்மேல் ஒரு சிறுமி தூங்குகிறாள், முகம் பாதி துணியில் புதைந்திருக்கிறது, யாராகவும் இருக்கலாம். அம்மா அதைத் தடவிப் பார்த்து, அது பெரியவள், வெட்டின துணியை வீடெல்லாம் தேடினோம், கடைசியில் இவளுக்கடியில் கிடந்தது என்று சிரித்தாள். நான் 'இளைய மகள்' என்று எழுதினேன். உன் கவுனைப் போட்டு, உன் புத்தகத்தைப் படித்து, உன் சைக்கிளை ஓட்டி வளர்ந்தவள் நான், ஒரே ஒரு படம் எனக்கென்று இருந்தால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாள்.

படம் ஓர் அட்டையில் ஒட்டியிருந்தது. அங்கே கொண்டுபோய் அட்டையைப் பிரித்திருக்கிறார்கள். பின்னால் அத்தை தன் கையாலேயே தேதி போட்டிருக்கிறார், நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால். அருங்காட்சியகத்தின் கடிதத்தை அப்பாதான் படித்துக் காட்டினார். அம்மாவின் நினைவு தடுமாறியிருக்கலாமாம், ஆகவே அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'உறுதி செய்யப்படவில்லை' என்று போடுகிறார்களாம். இருபது வருஷச் சிநேகம், அக்கா. அம்மா என் பக்கம் திரும்பி, "பெரியவள்னுதானேடி சொன்னேன்?" என்று கேட்டாள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லம்மா, சின்னவள்னுதான் சொன்னே" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து எண்ணி வைத்த பொத்தான்களையே மறுபடி எண்ணுகிறாள். அடுப்பை அணைத்தேனா என்று என்னிடம்தான் கேட்கிறாள், போயும் போயும் என்னிடம். எனக்கே நம்பிக்கை இல்லாததை ஊருக்கு எதற்குக் காட்ட வேண்டும், மாதம் பிறந்ததும் போய் எல்லாவற்றையும் திருப்பி வாங்கி வந்துவிடுகிறேன் என்று நேற்று அப்பாவிடம் சொன்னாள்.

உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மாதம் பிறப்பதற்குள் நீ போன் செய். 'அந்தப் படத்தில் இருப்பது நான்தான், நீ எப்போதும் அப்படித்தானே சொல்வாய்' என்று அம்மாவிடம் சொல், பட்டியல் பேச்சை எடுக்காதே. சொல்லும்போது உன் சிரிப்பைச் சிரிக்காதே. அதைக் கேட்டால் அம்மாவின் முகம் மலர்ந்துவிடும், பக்கத்தில் நின்று அதையும் நான்தான் பார்க்க வேண்டும். அம்மாவின் ஆசிகள் அவள் கடிதத்தில் இருக்கின்றன, வழக்கம்போல் உனக்கு ஒரு முழுப் பக்கம். குளிரில் காதை மூடிக்கொள். மறக்காமல் போன்

கதவைத் தட்டுகிறாள். அம்மாதான். தூக்கமே வரலைடி, அன்னைக்கு நான் என்ன சொன்னேன், இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லிடு, அதுக்கப்புறம் கேக்க மாட்டேன் என்கிறாள். அக்கா, நான்