காளைக்கன்றுக் கை

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, உதைத்து உதைத்து முழங்கால் போச்சு. வாங்க வேண்டியது: கையுறை, ரெயின்கோட், வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து.

பால் சொசைட்டி வாசலில் ஏழுமலை அண்ணன், ஊருக்கே கேட்கும்படி: "அந்தம்மா கை காளக்கன்னு கைப்பா. அது சினை ஊசி போட்டா மாடு கிடேரியே போடாது." நான் பின்னால்தான் நிற்கிறேன். பார்த்தார். நிறுத்தவில்லை. "உங்கள தப்பா சொல்லல டாக்டரம்மா. கைராசின்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"இருக்குதுங்க" என்றேன். முதலில் நான் டாக்டரே இல்லை, கால்நடை ஆய்வாளர். பெண் கன்றாகப் பிறந்தால் நாளைக்குப் பால் உண்டு, காளையை வைத்து என்ன செய்வார்கள். ஏமாற்றம் புரிகிறது. அதற்காகக் கன்றை நானா உள்ளே செதுக்கி வைக்கிறேன்?

என்னை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி என் மேலதிகாரியான கால்நடை டாக்டருக்கு மனு எழுதுகிறார்களாம்.

நவம்பர் 5, செவ்வாய்

தூக்கமில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் ஒரு ஊர், நான் ஒரு ஊர். போன வருஷம்தான் கள்ளக்குறிச்சியில் ஒரே வீடு. மாற்றல் என்றால் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைப் புருஷன்.

அவர் சிரிக்கப் பார்த்தார்: "வெள்ளிமலையில போட்டா நல்ல காத்து." அப்புறம் சிரிக்கவில்லை.

எலவனாசூர்கோட்டையிலிருந்து பைக்கில் ஒருவர் ஊசி போட வருகிறார். அவர் கை கிடேரிக் கையாம். பார்த்தேன், ஃபோனில் ஸ்டேட்டஸ் வைக்கிறார். யார் வீடு என்று தெரியாதபடி கிடேரியின் மூஞ்சி மட்டும். காளைக்கன்றுக்கு யார் ஸ்டேட்டஸ் வைப்பார்கள்?

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு வாரமாக சினை ஊசி வைக்கும் கேனுக்கு விபூதி பூசித்தான் கிளம்புகிறேன். இந்த ஊரில் ஒருத்தராவது கிடேரி என்று வந்து சொல்லியிருக்கிறார்களா? வந்ததெல்லாம் காளை, காளை, காளை.

நவம்பர் 7, வியாழன்

வெயில். கோமாரித் தடுப்பூசி ஆரம்பம். வீடு வீடாக, பெரிய கன்றுகளுக்கும் சேர்த்து.

முதலில் பச்சையம்மா வீடு. கூலி வேலை, ஒரே மாடு. மாட்டுக்குப் போட்டாயிற்று. கன்று?

"கன்னு இல்ல டாக்டரம்மா."

வீட்டுக்குப் பின்னாலிருந்து "ம்ம்மா".

விறகுக் குவியலுக்குப் பின்னால் கொழுகொழுவென்று ஒரு கிடேரி. கழுத்தில் கறுப்புக் கயிறு. பச்சையம்மா கையைப் பிசைகிறாள். "கண்ணு பட்டுடும்மா. காளன்னா ஊர கூட்டி பொலம்பலாம். கிடேரின்னு சொன்னா வுட்டு வெப்பாங்களா?"

"யாரு போட்ட ஊசி?"

"நீங்கதான். வேற யாரு?"

"மனுவுல கையெழுத்து போட்டீங்களா?"

"ஊரே போடுது. நான் மட்டும் போடலன்னா, இவ வூட்ல கிடேரி போல இருக்குதுன்னு சந்தேகம் வந்துடாது?"

கன்றுக்கும் ஊசியைப் போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

இன்றைக்குச் சிரித்த சிரிப்பில் வயிற்று வலி.

குளியலறைத் தட்டிக்குப் பின்னால் ஒரு கிடேரி. பழைய புடவையை மறைப்பாகக் கட்டி உள்ளே ஒன்று. கரும்புச் சோகைப் போருக்கு அந்தப் பக்கம் ஒன்று. எல்லாம் என் ஊசி. எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு: "எங்க வூட்ல மட்டும் எப்டியோ தப்பி கிடேரி. வெளில சொல்லிடாதீங்க." என்னிடம் சாமி பேரில் சத்தியம் வேறு வாங்கினார்கள்.

கடைசியில் ஏழுமலை அண்ணன் வீடு. பின்பக்கம் இரண்டு கிடேரிகள்!

"இது யாரு கன்னுங்க?"

"மச்சான் வூட்டுது. சும்மா வந்துருக்குது."

அவருடைய மாடு அந்த நேரம் பார்த்து ஒன்றை நக்கிக் கொடுக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் குரல் இறங்கியது: "சொல்லிக்கினு திரியாதீங்க டாக்டரம்மா."

காளை பிறந்தவர்கள் கத்தினார்கள், கிடேரி பிறந்தவர்கள் வாயைத் தைத்துக்கொண்டார்கள். ஊருக்கும் எனக்கும் காதில் விழுந்தது ஒரு பக்கம்தான். மொத்தமாகப் பார்த்தால் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. என் கையில் கெட்ட ராசி இல்லை. நல்ல ராசியும் இல்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது, பொய் சொல்வானேன்.

வீட்டுக்காரர்: "டாக்டர்கிட்ட போட்டு உடைச்சிடேன்."

எப்படி உடைக்க? சத்தியம் ஒரு பக்கம். நாளைக்கு ஏதாவது கிடேரிக்குக் கழிச்சல் கண்டால் அது என் கண்ணால் என்பார்கள். கையோடு கண்ணும் சேர்ந்துகொள்ளும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

நவம்பர் 11, திங்கள்

மழை. டாக்டர் விசாரிக்க வந்தார். சொசைட்டித் தகரக் கொட்டகையில் ஊரே கூட்டம். காலையில் வீட்டுக்காரர் என் வண்டியிலேயே பஸ் ஸ்டாண்டு வரை வந்தார்.

ஏழுமலை அண்ணன் மனுவைக் கொடுத்தார். டாக்டர் படித்தார். என்னிடம் கேட்டார். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க சார்" என்றேன்.

"சரி. மேல எழுதிடறேன். இந்த மாசமே வேற ஊருக்குப் போயிடுவாங்க. இந்தம்மா வேணாங்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் மேலே வரவில்லை.

ஒரு பெரியவர் பாதி தூக்கினார். சுற்றிப் பார்த்தார். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். பச்சையம்மா தன் கால் விரலையே பார்க்கிறாள். ஒவ்வொருத்தர் மனதிலும் அவரவர் வீட்டுப் பின்பக்கம் ஓடுகிறது, எனக்குத் தெரிகிறதே! சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர்: "இன்னாய்யா, இத்தன கையெழுத்து இருக்குது?"

ஏழுமலை அண்ணன் தொண்டையைச் செருமினார். "அவ்ளோ தூரம் எதுக்கு சார். கொஞ்சம் கண்டிச்சி வுட்டா போதும்."

டாக்டர் கண்டித்தார்: "இனிமே பாத்து போடும்மா."

"சரிங்க சார்."

வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தேன். அந்தப் பக்கம் விசில் அடித்தார் மனுஷன், வேலை செய்யும் இடத்தில்.

வண்டியைத் தள்ளும்போது ஏழுமலை அண்ணன் பக்கத்தில் வந்தார். "மாடு காலையிலருந்து கத்திக்கினு கீது. சாயங்காலம் வந்து ஒரு சினை ஊசி போட்டுடுங்க. பின்பக்கமா வாங்க."

"ஏன், வாசல் வழியா வந்தா இன்னா?"

"மனு குடுத்தவன் வூட்டுக்கு வாசல் வழியா வந்தா நல்லாவா இருக்கும்?"

மணி நாலு. கிளம்ப வேண்டும். மாடு என்ன பாவம் செய்தது.