நெளுக்குளத்து மில்லும் என் கந்தோர் மேசையும்

யோகநாதா, என் அருமை மச்சானே,

நீ போய் எட்டு மாதமாகிறது. நெளுக்குளத்தில் உன் நெல் மில் பூட்டிக் கிடக்கிறது. நான் இன்னும் வவுனியாவில் அதே அரசாங்கக் கந்தோரில்தான் இருக்கிறேன்.

நாம் வர்த்தகம் படித்த கடைசி வருடம், சொந்த ஊரில் தொடங்கக்கூடிய ஒரு தொழிலுக்குத் திட்டம் எழுதச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? நான் முல்லைத்தீவுக் கருவாட்டு வியாபாரத்தைப் பற்றி எழுதினேன், பரீட்சைப் புள்ளிக்காக மட்டும். நீயோ நெல் மில்லைப் பற்றி எழுதி, எழுதியதை நம்பியும்விட்டாய். இருவருக்கும் உத்தியோகக் கடிதம் வந்தபோது, "எங்கட நெல்லு வெளியூர் போய் அரிசியாத் திரும்பி வருது மச்சான். நான் மில் போடப்போறன்" என்றாய். உன்னைப் பெற்ற ஐயா மூன்று மாதம் உன்னோடு கதைக்கவில்லை.

மில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு பட்டப்பகலில் எஞ்சினில் சுழன்ற வார்ப்பட்டி உன் சால்வையைப் பிடித்து இழுத்தது. நான் ஓடி வந்தபோது உன்னைப் பாயால் மூடியிருந்தார்கள்.

செத்தவீட்டில் உன் ஐயா என் கையைப் பிடித்து, "நீர்தான் தம்பி புத்தியாப் பிழைச்சீர்" என்றார். அந்தச் சொல்லை நான் நம்பினேன். பட்டம் பெற்ற மூன்று இளைஞர்கள் ஓமந்தையிலிருந்து என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். மூவருக்கும் சொந்தத் தொழில் ஆசை. உன் சாவைச் சொல்லிப் பயமுறுத்தி, அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க வைத்தேன்.

இப்போது கோப்புகள் எனக்கு வாசிக்கத் தெரியாத புது ஆட்சிமொழியில் வருகின்றன. அந்த மொழிப் பரீட்சையில் தேறாவிட்டால் சம்பள உயர்வு இல்லையாம். அதற்கடுத்தது என்ன என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. பரீட்சையில் தேறாத பக்கத்து மேசைக்காரர் போன கிழமை எழுந்து போனவர், திரும்பவில்லை. அந்த மூவரில் ஒருவருக்கும் உத்தியோகக் கடிதம் வரவில்லை. நான் அவர்களை எங்கே அனுப்பி வைத்தேன், மச்சான்?

நேற்று உன் மனைவி கமலா வந்தார்.

"ஹனீபா நானா, மில்லைத் திறக்கப்போறன். நீங்களும் அதே படிப்புத்தானே. வாறியளோ?"

"பயமில்லையோ தங்கச்சி?"

"பயந்தான். பூட்டி வைச்சிருக்கிறதும் பயந்தான்."

இரவு முழுக்க யோசித்தேன். நாளை ஓமந்தைக்குப் போய், நீ எப்படிச் செத்தாய் என்று மட்டும் சொன்ன அந்த மூவருக்கும், நீ ஏன் அந்த வழியில் போனாய் என்பதையும் சொல்வேன். முடிவு அவர்களுடையது. அங்கிருந்து நேரே கமலாவிடம் போய், வருகிறேன் என்பேன்.

இந்தக் கந்தோருக்கு வரப்போவது நல்லதாகத் தெரியவில்லை, யோகநாதா. ஆனால் அது வரும்போது நான் இந்த மேசையில் இருக்கமாட்டேன். இது சத்தியம்.

உறவுமுறை இல்லாத உன் மச்சான்,
ஹனீபா