சீட்டுக்கு அடியில் ஒரு வயர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் உன் அக்காவும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். செய்வதைச் செய்துவிட்டு ஊர்போய்ச் சேர்ந்தவனுக்கு என்ன குறை? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிக்காதே. போனில் நீ நடுவில் எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். இந்த விஷயத்தில் நான் சிரிப்பதாக இல்லை.

நீ இங்கே வந்து பத்து நாள் தங்கிவிட்டு உன் மகள் வீட்டுக்குத் திரும்பிய மறுநாள்தான் புல்வெட்டும் வண்டி மக்கர் செய்தது. உனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பள்ளியில் விளையாட்டுப் போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மைதானத்தில் புல் கணுக்காலுக்கு வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. பதினாறு வருஷம் அந்த வண்டியோடு குப்பை கொட்டியவன் நான். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, கழற்றிக் கழற்றிக் கற்றதுதான். இருந்தும் போனில் உன்னைக் கேட்டேன். அதில் பத்து வருஷம் அதே ஷெட்டில் என்னோடு ஸ்பேனர் பிடித்தவன் நீ என்பதால் கேட்டேன்.

முதல் நாள், பெட்ரோல் பழசாகியிருக்கும் அத்தான், இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுங்கள் என்றாய். ஊற்றினேன். இரண்டாம் நாள், கார்புரேட்டரைக் கழுவுங்கள் என்றாய். ஊசிமுனை ஓட்டையெல்லாம் ஊதிக் கழுவி, பெட்ரோல் நாறும் கையோடு சாப்பிட்டேன். மூன்றாம் நாள் பிளக்கை மாற்றச் சொன்னாய். புதுப் பிளக் போட்டும் பிடிக்கவில்லை என்றதும், பிளக்குக்குப் பொறி அனுப்பும் காயில் போயிருக்கும், புதுசு வந்து சேர மூன்று வாரம் ஆகும், அதுவரை ஓய்வெடுங்கள் என்றாய். ஓய்வு என்கிற வார்த்தை உன் வாயில் புதுசாக இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் பள்ளி ஆபீசில் காண்ட்ராக்ட் ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் பெரிய வண்டியோடு வந்து என் மைதானத்தில் ஓட்டினான். நான் ஷெட் வாசலில் நின்று பார்த்தேன். கோல் கம்பத்தைச் சுற்றி ஒரு முழம் புல்லை அப்படியே விட்டுவிட்டான். மேற்பார்வையாளருக்கு அது கண்ணில் படவில்லை. பாருங்கள் பெரியவரே, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டான் என்று என்னிடமே வந்து சொன்னார். நான் அரிவாளை எடுத்துப்போய் அந்தக் கம்பத்தடிப் புல்லை அறுத்தேன். குனிந்து அறுக்கும்போதுதான் பொறி தட்டியது.

இந்த வண்டி கிளம்பவில்லை என்றால் உன் முதல் கேள்வி என்ன? சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆள் எடையில் அது அமுங்கினால்தான் என்ஜின் பிடிக்கும். வண்டி வந்த புதிதில் என் எடைக்கு அது அமுங்கவே இல்லை. "அத்தான், நீங்க உட்கார்ந்தும் வண்டி ஆளே இல்லைன்னு நினைக்குதே, அக்கா சோறு போடுறாளா இல்லையா?" என்று ஷெட் அதிரச் சிரித்தாய். மெத்தைக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்துக் கொடுத்தவனும் நீதான். அன்றிலிருந்து வண்டிக்கு என்ன கோளாறு என்றாலும் இந்த நக்கலைச் சொல்லாமல் நீ அடுத்த பேச்சுக்குப் போனதில்லை. இந்த மூன்று நாளும் வாய் தவறிக்கூட அது வரவில்லை.

போய் சீட்டைத் தூக்கினேன். சுவிட்சுக்குப் போகும் வயரின் இணைப்பு பிரிந்து கிடந்தது. இரண்டு முனையிலும் டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனி மடித்துவிட்டிருந்தது, பின்னால் உரிக்கிறவனுக்கு நகம் தேயாமல் இருக்க. அப்படி மடிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான். எலி கடித்திருந்தால் எலியைத் திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

உன் அக்காவிடம் கேட்டேன். மறுப்பாள் என்றுகூட நினைத்தேன். அடுப்பை விட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "ஆமா, நான்தான் செய்யச் சொன்னேன். சொன்னா கேக்குற ஆளா நீங்க?"

நீ இங்கே இருந்தபோது, சரிவில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்ததும் வண்டி வேலியில் போய் முட்டியதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று பக்கத்தில் இருந்தவன் நீ ஒருத்தன். அக்காவிடம் மூச்சுவிட மாட்டேன் என்று என் கையில் அடித்துச் சொன்னவனும் நீதான்.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நாற்பது வருஷம் என்னோடு மல்லுக்கட்டியவள், அவளுக்கு அந்த உரிமை உண்டு. நீ அவளிடம் சொன்னதையும் வயரைப் பிரித்ததையும்கூட ஒருநாள் ஜீரணித்துவிடுவேன். ஆனால் நான் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அதில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தே, போனில் "நல்லா கழுவுங்க அத்தான்" என்றாயே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. இனிமேல் நீங்கள் ஓட்டக்கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன். வீட்டை விட்டுப் போ என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் மூன்று நாள் முட்டாளாகியிருக்க மாட்டேன்.

இப்போது ஆபீசில் வண்டியை விற்றுவிடலாமா என்று பேசுகிறார்கள். மாதக் கடைசிக்குள் ஓட்டிக் காட்டினால் மைதானம் என்னிடமே இருக்கும். இல்லையென்றால் காண்ட்ராக்ட்காரனுக்குப் போய்விடும். காயில் வரவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னால் இந்த வயதில் பொய்யும் பழகிவிட்டேன்.

டேப்பை உரித்து வயரை இணைக்க இரண்டு நிமிஷம் போதும். கண்டுபிடித்து இன்றோடு ஆறு நாள் ஆகிறது. நான் இணைக்கவில்லை. பயந்துவிட்டேன் என்று உன் அக்கா நினைக்கிறாள், நினைத்துக்கொள்ளட்டும். நேற்று ஷெட் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தேன். வெயில் அப்படி, வேறொன்றுமில்லை. இதையாவது அவளிடம் சொல்லாதே.

நீ பிரித்ததை நான் மாட்டமாட்டேன். நீயே வா. என் எதிரில் நின்று அந்த வயரை உன் கையால் இணைத்துக் கொடு. இல்லையென்றால், முடியாது அத்தான் என்று என் கண்ணைப் பார்த்துச் சொல். எதுவானாலும் மாதக் கடைசிக்கு முன்னால் வந்து சொல்.

உன் மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உனக்கு உண்டானது இங்கேயே இருக்கிறது. நேரில் வந்தால்தான் தருவேன்.

இப்படிக்கு,
இன்னும் உன் அத்தான்