கை நுழையாத இடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறு என்ன செய்வது. அக்காவின் சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டது, கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான், போன வாரம் உன் அப்பாவின் காது மாட்டிக்கொண்டது.

உன் கடிதமும் நீ வரைந்த படமும் வந்தன. ரொட்டி ஆலையில் மாவு பிசையும் மெஷினுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு நட்டு இருக்கிறது, கை போகவில்லை, ஒவ்வொரு தடவையும் பாதி மெஷினைக் கழற்ற வேண்டியிருக்கிறது, இப்படிப்பட்ட இடத்துக்கு அப்பா என்னென்ன கருவி வைத்திருந்தார் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அவரையே கேட்கக் கூடாதா என்று எழுத நினைத்தேன், ஆனால் கேட்டால் பதில் வராது என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நீ ஊரை விட்டுப் போனதிலிருந்து உன்னோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போனில் பேசும்போது பக்கத்திலேயே நிற்பார், போனை நீட்டினால் பட்டறையில் வேலை கிடக்கிறது என்று நழுவிவிடுவார். உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். வேலை கிடைத்துவிட்டது என்று நீ வந்து சொன்ன அன்று காலையில்தான் அவர் பட்டறைக்குப் புதுப் பலகை எழுதி வாங்கி வந்திருந்தார், 'அப்பாவும் மகளும், வேன் ரிப்பேர்' என்று. உன்னிடம் காட்டவே இல்லை, டயர்களுக்குப் பின்னால் திருப்பி வைத்துவிட்டார். உன் மேல் தப்பு இல்லை, அவர் மேலும் இல்லை, பட்டறையில் என்னோடு இருக்கிறாயா என்று வாயைத் திறந்து கேட்டிருந்தால் நீயும் உன் மனதைச் சொல்லியிருப்பாய், அந்த மனிதருக்கு நட்டைத் திருகத் தெரியும், கேட்கத் தெரியாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கல்யாணமான புதிதில் உன் அப்பாவின் விரல் போகாத இடத்துக்கெல்லாம் என் கைதான் போகும். அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு போல்ட்டைப் பிடிப்பார், நான் மேலே குனிந்து இன்ஜினுக்குப் பின்னால் கையை விட்டு நட்டைப் போடுவேன், அவர் முகம் எனக்குத் தெரியாது என் முகம் அவருக்குத் தெரியாது, பாதி சண்டை அப்படித்தான் போட்டு முடித்தோம். ஒரு தடவை வளையலோடு விட்டுக் கை மாட்டிக்கொண்டது, சோப்புத் தண்ணீர் ஊற்றி இழுத்தார், அவர் முழித்த முழியை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டார். ஸ்பேனரைப் பாதியில் அறுத்துக் கட்டையாக்கினார், அதற்கு நீ 'குள்ளன்' என்று பேர் வைத்தாய். இன்னொன்றைச் சூடுபடுத்தி வளைத்தார், அது 'கூனன்'. பழைய ரேடியோவின் ஏரியல் கம்பி நுனியில் காந்தம் ஒட்டி விழுந்த நட்டை எடுக்க வைத்திருந்தார். மூலையில் என்ன இருக்கிறது என்று பார்க்க என் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனவர் இன்றுவரை திருப்பித் தரவில்லை. நட்டு நழுவாமலிருக்க, அதைக் கவ்வித் திருகும் சாக்கெட்டுக்குள் கொஞ்சம் கிரீஸ் வைத்து அதில் நட்டை உட்காரவைப்பார், நீயும் அப்படியே செய். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, கை முழுக்கக் கரியோடு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன் பார்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சத்தமாகவே படித்தேன். எனக்கெதுக்கு அதெல்லாம் என்றார். பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் படத்தின் மேல் குனிந்திருக்கிறார். சுவருக்கும் மெஷினுக்கும் எவ்வளவு இடைவெளின்னு போடலியே, இத வச்சு என்னத்தச் சொல்றது, யாரு கத்துக்குடுத்தாங்க இவளுக்கு என்று சத்தம் போட்டார். நீங்கதான் என்றேன்.

கண்ணே, மெஷின் ஓடும்போது கையை விடாதே, சுவிட்சை அணைத்திருக்கிறார்களா என்று நீயே போய்ப் பார், அடுத்தவர் சொன்னதை நம்பாதே. தலைமுடியை இறுக்கிக் கட்டு. குளிர் காலத்துக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக்கொள். எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் நன்றாக இரு. இந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன், உறையை ஒட்டாமல்தான் கொடுக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

உங்கம்மா சொன்னதைக் கேட்டு கிரீஸ் வைத்துவிடாதே. அது ரொட்டி மெஷின், மாவில் விழும். சின்னக் காகிதத் துண்டை மடித்து நட்டோடு சேர்த்து சாக்கெட்டுக்குள் அழுத்து, நட்டு விழாது. வேலை முடிந்ததும் காகிதத்தை மறக்காமல் எடுத்துவிடு. நட்டு வைத்ததும் முன்னால் திருகாதே. முதலில் கொஞ்சம் பின்னால் திருப்பு, மரை உட்காருவது விரலுக்குத் தெரியும், பிறகு முன்னால் திருகு. இடைவெளியை அளந்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் எடுக்கிறேன்.
அப்பா